எட்டு வாட்

கருங்கல் சந்தையிலிருந்து தொலையாவட்டம் வரை
கொடையோ கல்யாணமோ அசனமோ
தென்னையில் குழாய் கட்டியவன் நான்.
முப்பத்தொரு வருஷம்.
சத்தம் போதாது என்றவர்கள் உண்டு.
போதும் என்றது
போலீஸ் மட்டும்தான்.

இந்த மாசம் சீட்டு விழுந்தது,
இரண்டு லட்சத்து நாற்பது.
"வீட்டுல வச்சுக் கேக்க நல்லதா ஒரு ஆம்ப்" என்றேன்.
ஜெசிந்தா அரிசி களைந்த கையோடு திரும்பினாள்.
"இருக்கப்பட்ட பதினாலு காணாதா?"
பதினாலும் ஷெட்டில் கிடந்தன
கரப்பான் முட்டையும்
யார் வீட்டுச் சாம்பாரோ, அதுவும் ஒட்டி.

நாகர்கோவில், செட்டிகுளம் பக்கம், மாடிக்கடை.
செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
சுவரெல்லாம் மெத்தை. கதவை மூடியதும்
எங்கேயோ ஒரு ஈ.
தேடினேன்.
"அது உங்க காது சார்," என்றான் அபினேஷ்.
"மைக்செட்காரங்க எல்லாருக்கும் உண்டு."

முதலில் ஜப்பான்காரன். வெள்ளி முகம்,
நீல வெளிச்சத்தில் ஆடும் இரண்டு முள்.
மேசை விரிப்பு நடுங்கியது.
நடுக்கம் வாங்க நான் ஏன் நாகர்கோவில் வரணும்?
அடுத்தது கறுப்பு, ஒரு சுவிட்சுகூட இல்லை.
சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம்:
மணம் போகக் கழுவிய நெத்திலிக் கருவாடு.

மூன்றாவதைப் போட்டுவிட்டு
சாயா வாங்கப் போனான். சூடாக
இருபது நிமிஷம் பிடிக்குமாம்.
நாலு கண்ணாடிக் குழல்கள்
ரப்பர் புகைப்புரைக் கங்குபோல
பைய சிவந்தன.
"எத்தன வாட்டு?"
"எட்டு."
"தம்பி, எனக்க திருவிழா டியூப்லைட்டே நாப்பது."
அவன் சிரிக்கவில்லை.
"என்ன பாட்டு போடட்டும் சார்?"

சட்டைப் பையில் பென்டிரைவ் இருந்தது.
பள்ளியாடி சபை கேரல், இரண்டாயிரத்து ஒண்ணு.
மிக்சரிலிருந்து நானே கேசட்டில் பிடித்தது.
ஆர்கன் வந்தது. அதன் பின்னால்
ஆர்கன் இருந்த மூலை வந்தது.
பெஞ்சு ஒன்று முனகியது.
தூரத்தில் ஒரு இருமல், விட்டு விட்டு:
என் ஜெனரேட்டர்,
அன்றைக்கு டீசலில் தண்ணீர்.
முதல் பாட்டு முடிந்து
இரண்டாவது தொடங்கும் முன்னே,
அந்த நாலு விநாடியில்,
ஒரு பெண் குரல்:
"மைக்காரனுக்கு ரசவட குடுத்தாச்சா?"
இன்னொருத்தி: "குடுத்திருப்பாவ."
அப்புறம் பாட்டு.

மறுபடி போடச் சொன்னேன்.
மறுபடி.
இருபத்துச் சொச்சம் வருஷம்
ஆயிரம் வாட்டில் எத்தனை தடவை போட்டிருப்பேன்,
ஒரு தடவையாவது மேலே வந்ததா அது?

பிறகு கணக்கு பேசினோம்.
ஏழு மணியானால் எங்கள் லைனில் நூற்றெழுபதுதான் கரண்டு;
ஸ்டெபிலைசர் வேண்டும்.
குளச்சல் காற்றுக்கு ஆறு மாசத்தில்
பின்னெல்லாம் பச்சை பிடிக்கும்;
துடைக்க நான் இருக்கிறேன்.
குழல் போனால் சென்னையிலிருந்து வரணும்.
ஸ்பீக்கர் ஒயர் தனி, முப்பத்தெட்டாயிரம் என்றான்.
அந்தப் பணத்துக்கு
குளச்சல் கடற்கரை வரை கம்பி இழுப்பேன் என்றேன்.
ஒயரை விட்டான். பத்தாயிரம் அட்வான்ஸ்.

வீட்டுக்கு வந்து அதையே போனில் போட்டேன்.
ஜெசிந்தா காதோடு வைத்துப் பார்த்தாள்.
"ஒண்ணும் கேக்கல."
நானே அந்தக் குரலில் சொல்லிக் காட்டினேன்.
"தங்கபாய் டீச்சரா இருக்கும்,
அவிய அப்பிடித்தான் இழுப்பாவ," என்றவள்
அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள்:
"குடுத்தாவளா?"
"இல்ல."

சனிக்கிழமை கொண்டுவருகிறார்கள்.
ஐப்பசி. எங்கள் கூரை தகரம்.
மழை அடித்தால்
எட்டு வாட்டில் எது மிஞ்சும் என்று
அவனிடம் கேட்க மறந்துவிட்டேன்.